மணலில் எழுதிய விரல்

எழுத்தை முதன்முதலாக எந்த உறுப்பால் கற்றாய் என்று இக்காலத்துப் பிள்ளை ஒன்றைக் கேட்டால் அது தன் கண்ணைக் காட்டும். நம் பாட்டனாருக்குப் பாட்டனாரைக் கேட்டிருந்தால், அவர் சிறிதும் யோசியாமல் வலக்கையின் சுட்டுவிரலை நீட்டியிருப்பார். திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தரையில் பரப்பிய ஆற்று மணலில், உபாத்தியாயரோ சட்டாம்பிள்ளையோ எழுதிக் காட்டிய அகரத்தின் மேல் அந்த விரல் திரும்பத் திரும்ப ஊர்ந்து செல்ல, வாய் அதன் ஒலியை உரக்கச் சொல்ல, செவி அவ்வொலியை வாங்க, கண் வரிவடிவத்தைத் தொடர, இவ்வாறு ஒரே எழுத்து ஒரே சமயத்தில் நான்கு வாயில்களின் வழியே குழந்தையின் உள்ளத்துக்குள் குடிபுகுந்தது. எழுத்தும் எண்ணும் எளிதில் வசப்படாத குழந்தைகளுக்கென்று, இன்று சென்னையில் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் ஒரு தட்டில் மணலைக் கொட்டி, விரலால் எழுது, எழுதும்போதே சொல் என்று கற்பிக்கிறார்கள். அம்முறைக்கு அந்நிய நாட்டுப் பெயர்கள் உண்டு. பயிற்சிப் பத்திரங்களும் உண்டு. அந்த மணல் நம் திண்ணையில் கிடந்த மணல்தான் என்பதையும், நடுவே அது எப்படிக் காணாமற் போயிற்று என்பதையும், அதனால் எந்தக் குழந்தைகள் நஷ்டப்பட்டார்கள் என்பதையும் எழுதவேண்டுமென்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

இந்த வழக்கம் மிகப் பழையது. 1623-ஆம் ஆண்டில் கன்னட நாட்டு வழியாகப் பிரயாணம் செய்த பியெத்ரோ தெல்லா வால்லே என்ற இத்தாலியர், ஒரு கோயில் முகப்பில் சில சிறுவர்கள் ஆசிரியர் அருகில் இல்லாமலே தரையில் மெல்லிய மணலைத் தூவி, பாட்டாகப் பாடிக்கொண்டே விரலால் கணக்கு எழுதிப் பழகியதைக் கண்டு வியந்து குறித்து வைத்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் ஜில்லாக் கலெக்டர்களிடம் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டபோது, பல்லாரிக் கலெக்டராகிய காம்ப்பெல் மறு ஆண்டில் எழுதிய அறிக்கையிலும் அதே மணலும் அதே விரலும் வருகின்றன. மாகாணம் முழுவதற்குமாகத் திரட்டிய கணக்கின்படி பள்ளிகள் 12,498, பிள்ளைகள் 1,88,650. அவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தாம். சேரிக் குழந்தைகளுக்கு அந்தத் திண்ணைகளிற் பெரும்பாலானவை எட்டாதவை. ஆகையால் திண்ணைப் பள்ளியைப் பற்றி நான் சொல்லும் நல்ல வார்த்தைகள் யாவும், வாசலுக்கு வெளியே நின்றவர்களை மறந்துவிடாமல் சொல்லும் வார்த்தைகள்.

அந்தத் திண்ணையில் மந்தமான பிள்ளைக்கு என்ன கிடைத்தது? ஒரு கையில் அநுகூலமும் மறு கையில் அடியும் கிடைத்தன. அநுகூலம் இன்னதென்று முதலில் பார்ப்போம். இக்காலத்தைப்போல் வயதை ஒட்டிய வகுப்புப் பிரிவு அங்கே இல்லை. ஒருவன் நெடுங்கணக்கில் இருப்பான். அவன் தோளோடு தோளாக அமர்ந்தவன் ஆத்திசூடியில் இருப்பான். அடுத்தவன் நிகண்டு ஒப்பிப்பான். எந்தப் பிள்ளை எந்த மாதத்துக்குள் எதை முடிக்கவேண்டும் என்று யாரும் நிர்ணயிக்கவில்லை. மணலில் எழுதிய எழுத்து விரலுக்குப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அது சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு வருஷம். பிழையாக எழுதியதை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் மணல் சமனாகிவிடும். தோல்வியின் சுவடு எங்கும் தங்குவதில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பதிற் பின்தங்கிய பிள்ளையும், பாடம் முழுவதும் பாட்டாகவும் முறைவைத்தும் ஓதப்பட்டபடியால், காதால் வாங்கி மனத்தில் நிறுத்திக்கொண்டு மற்றவர்களோடு தானும் ஒருவனாக உட்கார்ந்திருக்க முடிந்தது. கூடவே கற்பிக்கும் சட்டாம்பிள்ளையோ போன வருஷம்தான் அந்த எழுத்தோடு தானும் மல்லுக்கட்டியவனாகையால், எந்த வளைவில் விரல் தடுமாறும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இனி அடியைச் சொல்லவேண்டும். காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவதும், இரண்டாமவனுக்கு ஒரு சுழி இடுவதும், மூன்றாமவன் முதலாக வருகிற ஒவ்வொருவனுக்கும் பிரம்படி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவதும் காம்ப்பெல் எழுதிவைத்த வழக்கங்கள். சோம்பேறி என்று கருதிய பிள்ளையை இரு கைகளையும் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவதும், ஓயாமல் தோப்புக்கரணம் போடச் செய்வதும் அதே அறிக்கையில் இருக்கின்றன. கோதண்டம் போடுவது என்று தமிழ்நாட்டார் சொன்ன தண்டனையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. சோம்பலால் படிக்காதவனும், படிக்கப் பிரயாசைப்பட்டும் எழுத்துப் பிடிபடாதவனும் ஒரே கயிற்றில் தொங்கினார்கள். பிரயாசைப்பட்டும் வராமற் போவது என்று ஒன்று உண்டு என்ற எண்ணமே அன்றைய உபாத்தியாயருக்கு இல்லை. உலகத்தில் வேறு எங்கும்கூட அன்று அது பரவியிருக்கவில்லை.

இனி, அந்த மணல் சீமைக்குப் போன கதை. 1789-ல் எழும்பூரில் கம்பெனிப் படையிலிருந்த ஐரோப்பியரின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்கு அதிபராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் அவர் குதிரைமேற் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரை மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியின் கடைசி வகுப்பிலும் அவ்வாறே கற்பிக்கும்படி சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இணங்காமற் போகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து அவன் கையில் அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார், அது சித்தியாயிற்று. 1797-ல் அவர் லண்டனில் வெளியிட்ட சிறு நூலிலிருந்து ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்து எங்கும் பரவியது. அவர் விட்டுச் சென்ற பொருளைக்கொண்டு அவருடைய ஊராகிய ஸெயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர்.

ஆனால் இங்கிலாந்து நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று கூர்ந்து பார்க்கவேண்டும். ஒரே ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்துவிடலாம் என்ற சிக்கனத்தை எடுத்துக்கொண்டது. காகிதமும் மையும் வேண்டாம், மணல் இனாம் என்ற சிக்கனத்தை எடுத்துக்கொண்டது. மணலுக்கே ஒரு போதனாசக்தி உண்டு, விரல் நுனியின் ஸ்பரிசம் கண்ணுக்குத் துணை நிற்கிறது என்பதை அது பெரிதாக எண்ணவில்லை. ஏன், நம் உபாத்தியாயர்களே அதை எண்ணிச் செய்தவர்கள் அல்லர். மலிவு என்று கருதி ஏற்றது, அதைவிட மலிவானது வந்தவுடன் கைவிடப்படும். சிலேட்டும் பலப்பமும் வந்தன. அச்சடித்த பாடபுத்தகம் வந்தது. மணல் வாசலுக்குப் போயிற்று. விஜயதசமியன்று தாம்பாளத்து நெல்லில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிற ஒரு நாளைய சடங்காக மட்டும் அது மிஞ்சியது.

மணல் போனதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று பின்னால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில், பள்ளிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவித்தொகையைப் பிள்ளைகள் பரீட்சையில் தேறும் கணக்கோடு முடிச்சுப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளையை நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார், தேறினால் பணம், தவறினால் இல்லை. அந்த நாள் முதல் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை ஆசிரியருக்கு ஒரு நஷ்டக் கணக்காகிவிட்டான். திண்ணையில் இரண்டு வருஷம் மணலைத் துழாவிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் கேடில்லாதிருந்தவன், இப்போது வகுப்பின் மானத்தையும் வாத்தியாரின் ஜீவனத்தையும் வாங்குகிறவனாகத் தோன்றினான். பிரம்பு போகவில்லை, அதனோடு ‘பெயில்’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. நம் வீடுகளில் இன்றும் வழங்குகிற மக்கு, மண்டு, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்ற வசவுகளுக்கு எவ்வளவு வயதோ, ஆனால் அவற்றுக்கு ஒரு பத்திரமும் முத்திரையும் கிடைத்தது அந்தக் காலத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். உழவனும் தச்சனும் கொல்லனும் எழுத்தறியாமலே ஊரில் மதிப்போடு வாழ்ந்த காலம் போய், எந்தப் பிழைப்புக்கும் முதலில் ஒரு காகிதத்தை வாசித்துக் காட்டவேண்டும் என்ற காலம் வந்தபோது, வாசிப்பு வசப்படாமை ஒரு மனிதனின் முழுமையையும் அளக்கிற கோலாகிவிட்டது.

அதே சமயத்தில் மேல்நாட்டு வைத்தியர்கள் சிலர் இந்தக் குழந்தையை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மூளையில் அடிபட்டவர்கள் சிலருக்குப் பார்வையும் பேச்சும் பழுதின்றி இருக்க, வாசிக்கும் சக்தி மட்டும் அற்றுப்போவதை ஜெர்மானிய வைத்தியர் குஸ்மௌல் 1877-ல் ‘சொற்குருடு’ என்று குறித்தார். ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் வைத்தியர் ருடால்ஃப் பெர்லின் 1887-ல் அதற்கு ‘டிஸ்லெக்ஸியா’ என்று பெயரிட்டார். அடிபடாமலே பிறவியிலேயே ஒருவனுக்கு அது இருக்கக்கூடும் என்று உலகுக்குச் சொன்னவர் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர். 1896 நவம்பரில் அவர் எழுதிய குறிப்பு ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றியது. விளையாட்டில் சூரன், கணக்கில் கெட்டிக்காரன். ஏழு வயதிலிருந்து தக்க ஆசிரியர்களிடம் இருந்தும் சிறு சொற்களைக்கூட வாசிக்க மாட்டாதவன். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுகிறவன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். இதை வாசிக்கும்போதெல்லாம் வாய்மொழியாகவே பாடம் நடந்த நம் திண்ணைகள் எனக்கு ஞாபகம் வரும்.

விரலின் கதைக்குத் திரும்புவோம். ரோமாபுரியில் மரியா மாண்டிசோரி என்ற வைத்தியப் பெண்மணி, மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு 1900-ஆம் ஆண்டையொட்டிப் பழகியபோது, பிரெஞ்சு தேசத்து ஈத்தார், செகேன் ஆகியோரின் வழியைப் பின்பற்றி, மரத்தில் செதுக்கிய எழுத்துக்களை அவர்கள் விரலால் தடவித் தடவி அறியும்படி செய்தார். அப்பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்கு உரிய பரீட்சையிலேயே தேறினார்கள். அதைக் கண்டு உலகம் வியந்தது. அவரோ, நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே வைத்திருந்தால் இவர்கள் அவர்களுக்குச் சமமாக முடியும் என்று வியந்தார். 1907-ல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் உப்புத்தாள் எழுத்துக்கள் வந்தன. சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மேல் குழந்தை விரலை ஓட்டி ஒலியைச் சொல்லும். அவர் திண்ணைப் பள்ளியைப் பார்த்து வந்தவர் அல்லர். வேறு தேசத்தில், வேறு வழியால், தடுமாறுகிற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

1939-ல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் அந்த அம்மையார் தம் புதல்வர் மாரியோவோடு அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கவே இருவரும் பகைநாட்டார் ஆனார்கள். மாரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். 1946 வரையில் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் பிற இடங்களிலுமாக இந்த நாட்டிலேயே இருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பழக்கினார். பெல் மணலில் எழுதுகிற பிள்ளைகளைக் கண்ட அதே பட்டணத்துக்கு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, விரலால் தடவும் எழுத்து உப்புத்தாளாக வந்து இறங்கியது. இப்போது அது மலிவு என்பதற்காக அன்று, அறிந்து, ஆராய்ந்து, காரணம் சொல்லி வந்தது.

அமெரிக்காவில் 1925 முதல் சாமுவேல் ஆர்ட்டன் என்ற வைத்தியர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவரோடு உழைத்த அன்னா கில்லிங்ஹாம், கண், செவி, வாய், கை எல்லாவற்றையும் ஒருங்கே பூட்டி, ஒலியிலிருந்து எழுத்துக்கும் எழுத்திலிருந்து சொல்லுக்கும் படிப்படியாக ஏறுகிற முறையை வகுத்தார். கிரேஸ் ஃபெர்னால்டு சொற்களையே விரலால் தடவிக் கற்பிக்கச் செய்தார். சாமுவேல் கிர்க் 1963-ல் சிகாகோவில் பெற்றோர்கள் கூடிய மகாநாட்டில், இக்குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவாகக் ‘கற்றல் குறைபாடு’ என்று பொருள்படும் தொடரை வழங்கினார். புத்தியில் குறைவில்லை, கண்ணிலும் காதிலும் பழுதில்லை, எழுத்திலோ வாசிப்பிலோ கணக்கிலோ மாத்திரம் தடை என்பதைப் பெற்றோர் வாயால் சொல்ல ஒரு சொல் கிடைத்தது.

தமிழ் எழுத்து இந்தக் குழந்தையை எங்கே தடுக்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது. நம் எழுத்தில் ஒலிக்கும் வடிவுக்கும் பெரும்பாலும் ஒழுங்கான உறவு உண்டு. ஆங்கிலத்தைப்போல் ஒரே எழுத்து பத்து விதமாக ஏமாற்றுவதில்லை. ஆனாலும் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247. கொம்பை முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கவேண்டும். ஒகர ஓகாரங்களில் குறி எழுத்தின் இரு பக்கமும் பிளந்து நிற்கும். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், கிணற்றடி மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறவன், ‘பேனா’ என்று எழுதச் சொன்னால் ‘போன’ என்று எழுதுவான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கொம்பு, பகரம், னகரம், கால் என்ற அதே நான்கு குறிகள், கால் ஒரு வீடு முன்னே தள்ளி வந்துவிட்டது, அவ்வளவே. ‘கொடு’ என்று எழுத நினைத்துக் காலை விட்டுவிட்டால் ‘கெடு’ ஆகிவிடும். அவன் நோட்டில் இப்படிக் கெட்டுப்போன சொற்களைச் சிவப்பு மசியால் சுழித்து, அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி, அவற்றை வகுப்பு முழுவதும் கேட்க வாசித்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆறாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. 1978-ல் ணை, லை, றா முதலிய எழுத்துக்களின் விதிவிலக்கான பழைய வடிவங்களை அரசு மாற்றி ஒரு சீராக்கியபோது, எத்தனையோ வாதங்கள் நடந்தன; தடுமாறும் குழந்தைக்கு மனப்பாடம் செய்யவேண்டிய விலக்குகள் சில குறைந்தன என்ற ஒரு நியாயத்தை மட்டும் அப்போது யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீடுகள் என்ன செய்தன? வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுத்தன. கூத்தனூர்ச் சரஸ்வதிக்கு நேர்ந்துகொண்டன. ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்த குமரகுருபரர் கதையைச் சொல்லித் தேற்றிக்கொண்டன. இவற்றை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிள்ளையைக் கைவிட மனமில்லாதவர்கள் செய்தவை இவை. அதோடு, தாங்கள் அறியாமலே மிக நல்ல காரியங்களையும் செய்தார்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை நான்கு நான்காக அள்ளிப் போட்டுப் பாட்டிமார் கற்பித்த கணக்கு கைக்குள் எண்ணாக நின்றது. மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட சிறுமிக்கு இடமும் வலமும் திசையும் வரிசையும் விரலுக்குள் வந்தன. இரவில் திண்ணையில் உரக்கப் படித்த கதைகளை, வாசிக்க முடியாத பேரன் காதால் வாசித்தான்.

1990-களின் தொடக்கத்தில் சென்னையில் அக்கறையுள்ள சிலர் கூடி மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை நிறுவி ஆசிரியர்களைப் பழக்கத் தொடங்கினர். பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு முதலிய சலுகைகள் மெல்ல மெல்ல வந்தன. 2007-ல் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படம் அந்த அந்நியச் சொல்லை நடுக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தது. ஆயினும் சட்டத்தில் இக்குழந்தைக்கு இடமில்லாதிருந்தது: 1995-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிய ஏழு ஊனங்களில் இது இல்லை. 2016 டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொன்னபோதுதான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பதும் அவற்றுள் ஒன்றாயிற்று. சான்றிதழ் வாங்குவதற்குப் பெற்றோர் அலைகிற அலைச்சலையும், கிராமத்துப் பள்ளிக்கு இந்தச் செய்தியே இன்னும் சரிவரப் போய்ச் சேரவில்லை என்பதையும் நினைத்தால், அந்தச் சட்டம் மணலில் எழுதியதாக ஆகிவிடக்கூடாதே என்று மனம் பதைக்கிறது.

சென்ற கார்த்திகை மாதத்தில் எங்கள் எதிர்வீட்டுக்கு ஒரு காரியமாகப் போயிருந்தேன். கூடத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன், எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ரவையைப் பரப்பிக்கொண்டு சம்மணமிட்டிருந்தான். பள்ளியில் வாரம் இரண்டு நாள் வருகிற சிறப்பாசிரியை சொல்லிக் கொடுத்ததாம். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ‘ழ’ என்று சொல்லியபடியே விரலை ஓட்டினான். கீழே வந்ததும் நின்றுவிட்டது.

“அம்மா, ‘ழ’வுக்கு வால் எந்தப் பக்கம்மா?” என்று கேட்டான்.

சமையலறையிலிருந்து தாளிக்கிற ஓசையோடு குரல் வந்தது: “விரலைக் கேளு கண்ணா, அதுக்குத் தெரியும்.”

அவன் கண்களை மூடிக்கொண்டான். விரல் சிறிது தயங்கி, வளைந்து, தன் வழியே போயிற்று. கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு தாம்பாளத்தை இரு கைகளாலும் பிடித்து லேசாக ஆட்டினான். ரவை சமனாயிற்று. சுட்டுவிரலை மறுபடியும் மேலே கொண்டுபோய் வைத்தான்.